இரண்டு எடைக்கற்கள்: ஒரு தராசுக்காரரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி பாலக்கரையில் ஐம்பது வருஷமாகத் தராசு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அத்தா, அதாவது என் அப்பா, செய்த தொழில்தான். உங்கள் பத்திரிகையும் அத்தா காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. ஆனால் கடிதம் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போய்விட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நாற்பது ரூபாய் விஷயத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படிக்க உட்கார்ந்தாராம். மத்யன் ஊர்க்காரர்கள், ஆது கூட்டம், ஸமூது கூட்டம், இஸ்ரவேலர், மதீனாவின் நயவஞ்சகர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் யார் யாரையோ பற்றியே பேச்சாக இருக்கிறது, அவர்களெல்லாம் மண்ணாகி ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இருப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டிருந்தார். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தைச் சின்ன வயதிலிருந்து ஓதியும் இருபத்து மூன்று வயது வரை அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காதவன் நான்.

ஓதினேன் என்றால் மக்தபில், அதாவது பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பாடசாலையில், ஓதினேன். விடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். குர்ஆனின் முப்பதாவது பாகத்தை எங்களில் ‘அம்ம ஜுஸ்வு’ என்போம். பிள்ளைகள் முதலில் மனனம் செய்வது அதைத்தான். அதில் 83ஆவது சூரா (அத்தியாயம்) ‘முதஃப்பிஃபீன்’, 36 வசனம். ‘வைலுல் லில் முதஃப்பிஃபீன்’ என்று தொடங்கும். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் கையில் பிரம்பு இருக்கும், ஒரு எழுத்து பிசகினால் முட்டியில் விழும். அதனால் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்காமல் ஓதுவேன். அர்த்தம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி அந்த நாற்பது ரூபாய்.

1981 பங்குனி, புளி வரத்து இருக்கும் சமயம். வெளியூர் மண்டிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். புளி, மிளகாய் வற்றல், மல்லி எல்லாம் விவசாயிகளிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவர். அத்தா அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தவர் இரண்டு ஐந்து கிலோ கற்களை மேஜை மேல் வைத்தார். ஒன்று வாங்குகிற கல், ஒன்று விற்கிற கல் என்றார். வாங்குகிற கல்லில் நூறு கிராம் ஏற்ற வேண்டும், விற்கிற கல்லில் நூறு கிராம் குறைக்க வேண்டும், முத்திரை கலையக் கூடாது. எடைக்கல்லின் குழியில் ஈயம் ஊற்றி அதன் மேல்தான் அரசாங்க முத்திரை குத்துவார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். எப்படிச் செய்தேன் என்று எழுதப் போவதில்லை. இப்போதும் அதைப் படித்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். செய்தேன். நாற்பது ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்தில் எனக்கு நான்கைந்து நாள் கூலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விவசாயி ஐம்பது கிலோ புளி என்று கொண்டுவருவார். பத்து நிறுவை. நிறுவைக்கு நூறு கிராம் என்றால் ஒரு கிலோ மண்டியிலேயே நின்றுவிடும். மூட்டை புளியில் ஒரு கிலோ போனது யாருக்குத் தெரியும்? வழியில் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் ரமலான் ஜூலையில் வந்தது. அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் வயதான ஹஜ்ரத் ஒருவர் தினமும் அரைமணி நேரம் ஒரு சூராவுக்குத் தமிழில் விளக்கம் சொல்வார். நோன்புக் களைப்பில் பாதிப் பேர் தூணில் சாய்ந்துகொண்டுதான் கேட்பார்கள். நானும் சாய்ந்திருந்தேன். அன்றைக்கு 83ஆவது சூரா.

‘வைல்’ என்றால் கேடு என்றார். யாருக்கு? முதஃப்பிஃபீனுக்கு. அவர்கள் யார் என்று அடுத்த இரண்டு வசனங்களே சொல்லிவிடுகின்றன. மனிதர்களிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்வார்கள், தாங்கள் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லின் வேரையும் சொன்னார். ‘தஃபீஃப்’ என்றால் அற்பமானது, கொஞ்சூண்டு. ‘தஃப்’ என்றால் மரக்காலின் விளிம்பு என்றும் சொல்வார்களாம். நம் ஊரில் தலைதட்டி அளப்பது என்போமே, அந்த விளிம்பு. மூட்டையோடு தூக்கிப் போகிறவனை இந்தச் சூரா பேசவில்லை, விளிம்பில் விரலளவு சுரண்டுகிறவனைப் பேசுகிறது என்றார் ஹஜ்ரத். எனக்கு அந்த நூறு கிராம் ஞாபகம் வந்தது. தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் அந்த வசனங்கள் இறங்கிய காரணத்தைச் சொன்னார். நபி அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் அளவையில் ரொம்ப மோசமாக இருந்தார்கள், இந்த வசனங்கள் வந்த பிறகு திருந்தினார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாக ஹதீஸ், அதாவது நபி காலத்துச் செய்தி, இருக்கிறது. இன்னொரு செய்தியும் தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விளக்க நூல்களில், உண்டு. மதீனாவில் அபூ ஜுஹைனா என்று ஒருவர் இருந்தாராம். அவரிடம் இரண்டு ‘ஸாஉ’, அதாவது இரண்டு அளவுப் படிகள். வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று.

பள்ளியில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

வாசகரின் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில் உண்மையில் இதோடு முடிந்துவிட்டது. அந்த வசனம் மதீனாக்காரர்களைப் பற்றியது. அபூ ஜுஹைனாவைப் பற்றியது என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் 1981இல் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஈயக் கரண்டியோடு பாலக்கரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வசனத்தில் மதீனா என்ற சொல் இல்லை. அந்த ஆளின் பெயரும் இல்லை. அளவில் குறைக்கிறவர்கள் என்றுதான் இருக்கிறது. யாரிடம் அளந்து வாங்கினார்கள் என்ற இடத்திலும் ‘அன்னாஸ்’, மனிதர்கள், என்றுதான் இருக்கிறது. முஸ்லிம்களிடம் என்றோ அரபிகளிடம் என்றோ இல்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதற்கு ஒரு சூத்திரமே உண்டு. ‘அல்இப்ரது பிஉமூமில் லஃப்ழ், லா பிகுஸூஸிஸ் ஸபப்.’ சொல் எவ்வளவு தூரம் விரிகிறதோ அவ்வளவு தூரத்துக்கும் பாடம் செல்லும், இறங்கிய காரணத்தோடு நின்றுவிடாது என்று பொருள். நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. எனக்குப் புரிந்தது என் தொழில் வழியாகத்தான்.

பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை உண்டு. 1889இலிருந்து 2019 வரை உலகத்துக்கே அதுதான் ஒரு கிலோ. 2019 மே மாதத்தோடு அந்த வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதன் 57ஆம் எண் பிரதி டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதை வைத்து மாநிலத்துக் கல், அதை வைத்து முத்திரை ஆய்வாளர் பெட்டியில் இருக்கும் கல், அதை வைத்துக் கடைக்காரர் கல் என்று வரிசையாகச் சரிபார்ப்பார்கள். ஐம்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு முத்திரைக்குக் கல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அது பிரான்சு தேசத்துக் கல், என் தக்காளிக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அது அங்கே அசையாமல் இருந்ததால்தான் இங்கே சரிபார்க்க முடிந்தது.

மத்யன் கதையும் எனக்கு அப்படித்தான். மத்யன் என்பது அரபு நாட்டின் வடமேற்கில், அகபா வளைகுடாவை ஒட்டிய பகுதி. வணிகக் கூட்டங்கள் போகும் பாதை. ஷுஐப் நபி அந்த மக்களிடம் சொன்னதாக 11ஆவது சூராவில் வருகிறது: அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள், உங்களை நல்ல வசதியாகத்தான் பார்க்கிறேன். இந்த இரண்டாவது பாதியை நான் பல தடவை நினைத்திருக்கிறேன். பசிக்குத் திருடியவர்களைப் பார்த்து அவர் பேசவில்லை. நன்றாக இருந்தவர்கள் அவர்கள். என் பட்டறைக்கு வந்த மண்டிக்காரருக்கும் அப்போது இரண்டு லாரி இருந்தது.

அதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பதில் 87ஆம் வசனத்தில் இருக்கிறது. ஷுஐபே, எங்கள் முன்னோர் வணங்கியதை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்றும், எங்கள் பொருளில் எங்கள் இஷ்டப்படி செய்யக் கூடாது என்றும் உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளை போடுகிறது? நீர்தான் பெரிய பொறுமைசாலி, நேர்மையாளர்! கடைசி வாக்கியம் குத்தல். படிக்கும்போதே கடைவீதிப் பேச்சு காதில் விழும்.

அந்தப் பேச்சை நான் நேரிலேயே கேட்டேன். பெருநாள் கழிந்ததும் அந்த மண்டிக்குப் போய், கல் இரண்டையும் கொடுங்கள், சரி செய்து தருகிறேன், நாற்பது ரூபாயையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் தொழுகிறவர். திருச்சிக்கு வந்தால் எங்கள் பள்ளியில்தான் தொழுவார், அதுவும் முதல் ஸஃப்பில், முதல் வரிசையில். சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, தொழுகையில உன் பக்கத்துலதானே நிக்கிறேன், அதுல ஏதாவது குறை வெச்சேனா? அது வேற, யாவாரம் வேற. போய் வேலையப் பாரு.” டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

முத்திரை ஆய்வாளரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் முதலில் அகப்படுபவன் நானாகத்தான் இருப்பேன். அத்தாவிடமும் சொல்லவில்லை. அத்தா தராசு முள்ளைச் சரிபார்க்கும்போதெல்லாம் ஒரு ஹதீஸைச் சொல்வார். நபி அவர்கள் சந்தையில் கூலிக்கு நிறுத்துக் கொடுக்கும் ஒருவரைப் பார்த்து, “நிறு, தட்டு கொஞ்சம் தாழ நிறு” என்றார்களாம். அந்த ஹதீஸில் கூலிக்காரனைப் பற்றிப் பேச்சு வருவதே அத்தாவுக்குப் பெருமை. அப்படிப்பட்டவரிடம் போய் எதைச் சொல்வது?

பள்ளிவாசல்களில் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன், வாசகர் அதையும் கேட்டிருக்கலாம். பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், இஸ்ரவேலர்களைப் பற்றிய வசனம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு முகம் மலர்ந்துவிடும். திட்டு வேறு யாருக்கோ விழுகிறது என்ற நிம்மதி. 62ஆவது சூராவில், இஸ்ரவேலர்களின் வேதமான தவ்ராத் சுமத்தப்பட்டும் அதைச் சுமக்காதவர்களுக்கு, புத்தக மூட்டை சுமக்கும் கழுதையை உவமை சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பதுண்டு: பதினைந்து வருஷம் ‘வைலுல் லில் முதஃப்பிஃபீன்’ என்று மக்ரிப் தொழுகையில் ஓதிவிட்டுக் காலையில் கல்லில் ஈயம் சுரண்டினேனே, என் முதுகில் இருந்தது என்ன மூட்டை?

வாட்ஸ்ஆப்பில் சிலர் இந்த வசனங்களை ஒரு இனத்தின் மேல் வெறுப்பைக் கக்கவே அனுப்புகிறார்கள். அவர்கள் 3ஆவது சூராவின் 75ஆம் வசனத்தைப் படித்ததில்லை போலிருக்கிறது. வேதக்காரர்களில் (யூதர், கிறிஸ்தவர்) ஒருவரிடம் பொற்குவியலை ஒப்படைத்தாலும் திருப்பித் தந்துவிடுவார், இன்னொருவரிடம் ஒரே ஒரு தீனார் காசை ஒப்படைத்தால் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாலொழியத் தரமாட்டார் என்கிறது அது. கொடுக்கல் வாங்கலில் இருப்பவர்களுக்கு இரண்டு ரகத்தையும் தெரியும், எல்லா ஜாதியிலும் மதத்திலும் தெரியும். தராதவர்கள் சொன்ன காரணத்தையும் அதே வசனம் பதிவு செய்திருக்கிறது: இந்த எழுத்தறியாதவர்கள் (வேதம் பெறாத அரபிகள்) விஷயத்தில் நம்மைக் குற்றம் பிடிக்க வழியில்லை. அதாவது நம் ஆளை ஏமாற்றினால்தான் பாவம், வெளி ஆளை ஏமாற்றினால் ஒன்றுமில்லை. இந்த நியாயத்தை என் காதால், தமிழில், தொப்பி போட்டவர் வாயிலிருந்தும் திருநீறு பூசியவர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒருவர் பட்டினப்பாலையிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி நடத்தினார். ‘தமவும் பிறவும் ஒப்ப நாடி, கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.’ தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே பார்த்து, வாங்கும்போது கூடுதலாக வாங்காமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல் இருந்தார்களாம். 83ஆவது சூராவின் அர்த்தம் தெரிந்த அன்றைக்கு இந்த வரி தானாக நாக்குக்கு வந்தது. குர்ஆன் திட்டுகிறவர்களை அப்படியே தலைகீழாக்கினால் இந்தப் பூம்புகார்க்காரர்கள். அதுவும் ஒரு ஊரைப் பற்றிய பாட்டுதான். நமக்கும் பூம்புகாருக்கும் என்ன என்று யாரும் அதைப் பாடப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை.

சரி, இப்போது எல்லாம் மின்னணுத் தராசு ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கல் போய்விட்டது, ஆனால் தந்திரம் போகவில்லை. குர்ஆனில் 7ஆவது சூராவில் கடலோர ஊர் ஒன்றின் கதை வரும். சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். பார்த்தால் அன்றைக்குத்தான் மீன் தலை தூக்கிக்கொண்டு கரையோரம் வரும். வெள்ளிக்கிழமையே வலையைக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளினார்கள் என்று தஃப்ஸீர்களில் விளக்கம் சொல்வார்கள். சனிக்கிழமை கை வைக்கவில்லை அல்லவா!

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அரை கிலோ இனிப்பு வாங்கிவந்தது. வெறும் பெட்டியைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 62 கிராம். கிலோ எண்ணூறு ரூபாய் என்றால் ஏறக்குறைய ஐம்பது ரூபாய்க்கு அட்டை. அந்தக் கடைத் தராசு துல்லியமானது, முத்திரை போட்டது, திரையில் தெரிந்த எண்ணிலும் பொய் இல்லை. பெட்டியோடு வைத்தார்கள், அவ்வளவுதான். நிகர எடையில் அட்டையைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கூட்ட நேரத்தில் யார் கேட்பது? கடைகளில் இருக்கும் மின்னணுத் தராசுகளில் பெரும்பாலும் ‘டேர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். வெறும் பெட்டியை வைத்து அதை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும், பிறகு இனிப்பை வைக்கலாம். ஒரு நொடி வேலை. வாசகர்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அந்தக் கடலோர ஊரில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் மீனும் பிடிக்கவில்லை, பிடித்தவர்களைத் தடுக்கவும் இல்லை. தடுத்தவர்களைப் பார்த்து, அழியப்போகிறவர்களுக்கு எதற்கு உபதேசம் என்று மட்டும் கேட்டார்கள். தடுத்தவர்கள், உங்கள் இறைவனிடம் சொல்ல எங்களுக்கு ஒரு பதில் வேண்டும், ஒருவேளை அவர்கள் அஞ்சி விலகவும் கூடும் என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த விஷயத்தில் வாய் திறக்காத நான் எந்தக் கூட்டம் என்று ஆசிரியருக்கே தெரியும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

கல்லைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்காரர் இறந்து வெகுநாள் ஆகிறது. மகன்கள் தராசையெல்லாம் மாற்றிவிட்டுப் பழைய சாமான்களை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு தராசுத் தண்டு தேடிப் போனபோது அந்த இரண்டு ஐந்து கிலோ கற்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. என் கை வேலை எனக்குத் தெரியாதா? கடைக்காரர் இரண்டையும் சேர்த்துப் பத்து கிலோ என்று கணக்குப் போட்டார், மறு பேச்சு பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். பட்டறையில் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். ஒன்று 5 கிலோ 95 கிராம். மற்றது 4 கிலோ 895 கிராம். சேர்த்தால் பத்து கிலோவுக்குப் பத்து கிராம் குறைகிறது. அது தேய்மானம்.

இப்படிக்கு,
தராசுப் பட்டறைக்காரர்,
பாலக்கரை, திருச்சி.